தீவாந்தரம் எங்கே போயிற்று?

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்து மேடைகளில் ஒரு தொடர் தவறாமல் முழங்கப்படுகிறது: ‘வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. ஆக நாற்பது ஆண்டுச் சிறை!’ கைதட்டலும் கிடைக்கிறது. அத்தொடரின் இரு பாதிகளையும் நாம் மறுக்கிறோம்.

1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே விதித்தது ‘டிரான்ஸ்போர்ட்டேஷன் ஃபார் லைஃப்’. அரச நிந்தனைக்கு ஒன்று, சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்கு மற்றொன்று. டிரான்ஸ்போர்ட்டேஷன் என்றால் இன்று நம் மாணவர்க்குப் போக்குவரத்து. (‘வாழ்நாள் போக்குவரத்து’ என்று விடைத்தாளில் எழுதியவரும் உண்டு. அவரை நாம் நோகோம்.) வெள்ளையரின் சட்டமொழியிலோ அது குற்றவாளியைக் கடல்கடத்தி அயல்நிலத்தில் அடைத்தல். அன்றைய தமிழர் இதனைத் ‘தீவாந்தர சிட்சை’ என்றனர். தீவாந்தரம் என்பது வேறொரு தீவு. எத்துணைப் பொருத்தமான சொல்! ‘ஆயுள் தண்டனை’ என்று மாற்றியவுடன் கடலும் போயிற்று, தீவும் போயிற்று. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டவரை, வெள்ளையன் தன் கப்பலேற்றி அனுப்ப எண்ணினான் என்ற கொடுமை அச்சொல்லில் இல்லவே இல்லை. பாஞ்சாலங்குறிச்சிப் போர் முடிந்தபின், 1802இல், இதே தூத்துக்குடியிலிருந்து கைதிகளைப் பினாங்குத் தீவுக்கு ஏற்றியனுப்பினார்களே, அந்தத் தொடர்ச்சியும் அறுந்துபோகிறது.

‘அவர் அந்தமானுக்குப் போகவில்லையே?’ என்பர் சிலர். மெய்தான். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் வெளிவந்தார். விதித்தது வேறு, அனுபவித்தது வேறு. இரண்டுக்கும் இரு சொற்கள் வேண்டும் என்பதே நம் வழக்கு. சட்டத்திலேயே ‘ஆயுள் சிறை’ என்னும் சொல் 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் இதனிடத்தில் வந்து அமர்ந்தது. அதை 1908க்கு இழுத்துச் செல்வானேன்?

இனி நாற்பது. ஆயுள் என்பதை இருபதாண்டாகக் கொள்க என்றது அன்றைய தண்டனைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு; ஆனால் தண்டனையின் பாதி, கால் என்று பின்னம் கணக்கிடுவதற்கு மட்டுமே. காந்தியடிகள் கொலைவழக்கில் இதே தீவாந்தர தண்டனை பெற்ற கோபால் கோட்சே, இருபதாண்டுக் கணக்கைக் காட்டி விடுதலை கோரினார். ஆயுள் என்றால் எஞ்சிய வாழ்நாள் முழுதுமே என்று 1961இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. அவ்வாறிருக்க, இரண்டு வாழ்நாளைக் கூட்டி நாற்பதாக்குவது தண்டனையைப் பெரிதாக்கவில்லை, சுருக்குகிறது. அழைப்பிதழ் அச்சிடும் அன்பர்கள் அடுத்த செப்டம்பருக்குள் இதைத் திருத்துவார்களா?