பாட்டனாருக்கு ஒரு திருக்கோயில்

பெருந்தொற்றினால் 2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, பேரணாம்பட்டில் எங்கள் இல்லமே பேரனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. கணக்கும் ஆங்கிலமும் அவன் தாயார் பொறுப்பு. தமிழ் அடியேன் பொறுப்பு. பாடநூலில் அவன் மனம் ஒட்டவில்லை. ஆகவே, மாலை விளக்கேற்றியபின் அமரர் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை எடுத்து வைத்தேன்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் அது தொடராக வெளிவந்த நாள்களில், ஒருவர் படிக்க வீட்டார் சூழ்ந்திருந்து கேட்ட வழக்கம் அன்பர்கள் சிலருக்கு நினைவிருக்கும். இன்று என் கண்பார்வை மங்கிவிட்டது. பேரன் எழுத்துக்கூட்டிப் படித்தான்; நான் கேட்டேன்.

ஆதித்த கரிகாலர் கொலையுண்ட இடத்தில் நிறுத்தி, “தாத்தா, இது உண்மையா, கதையா?” என்றான்.

கொலை உண்மை. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் திருக்கோயில் கல்வெட்டு, அதற்காக ரவிதாசன் முதலானோரைத் துரோகிகள் என்று குறிக்கிறது. நந்தினியோ கல்கியின் கற்பனை. அவளையும் மெய்யென்றே நெடுங்காலம் நம்பியிருந்தவன் அடியேன். அதை ஒளிக்காமல் பேரனிடம் சொன்னேன். அன்று முதல் ஒரு குறிப்பேட்டில் ‘கல்லில் உள்ளது’, ‘கதையில் உள்ளது’ என இரு பத்திகளாக எழுதி வரலானான்.

கட்டுப்பாடுகள் நீங்கியபின், குடியாத்தம், காட்பாடி வழியாக அவனை மேல்பாடிக்கு அழைத்துச் சென்றோம். நம் வேலூர் மாவட்டத்தில் பொன்னையாற்றங்கரையில் உள்ள ஊர் அது. அங்குள்ள சோழீச்சரம், கதாநாயகராகிய அருள்மொழிவர்மர் இராசராசராய் முடிசூடியபின் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில். அதாவது மறைந்த அரசர் நினைவாக எழுந்த சிவாலயம். அவ்வரசர், ஆற்றூரில் மறைந்த அரிஞ்சய சோழர். சுந்தர சோழரின் தந்தையார்.

சந்நிதியில் தொழுது பிராகாரத்தில் அமர்ந்ததும், பேரன் குறிப்பேட்டைப் பிரித்தான். ‘கல்லில் உள்ளது’ என்பதன் கீழ், “இராசராசர் தம் தாத்தாவுக்குக் கோயில் கட்டினார்” என்று எழுதி, எனக்குப் படித்தும் காட்டினான்.

அன்பர்களே, விடுமுறை மாலைகளில் பேரப்பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கதை அவர்களைத் திருக்கோயில் வாயில்வரை அழைத்துவரும். கல் சொல்வது எது, கற்பனை எது என்று பிரித்துக் காட்டுவது நம் கடமை. நாம் அறியாததை அறியோம் என்பதும் அக்கடமையில் அடங்கும்.