‘துயருற்ற மேதை’ என்னும் வசதியான பொய்

டக் ஹாப்கின்ஸ் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் அவரது குடியிலிருந்தே தொடங்குகின்றனர். ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவோர் அரியர். ஆய்வாளர்களாகிய நாமும் இவ்வழக்கத்தையே பின்பற்றுவது வெட்கத்துக்குரியது.

அரிசோனாவின் டெம்பி நகரில் 1987இல் ஜின் பிளாசம்ஸ் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர் ஹாப்கின்ஸ், கிதார் கலைஞர். குழுவுக்குப் புகழ் சேர்த்த ‘ஹே ஜெலஸி’, ‘ஃபவுண்ட் அவுட் அபவுட் யூ’ ஆகிய பாடல்களை எழுதியவர் அவரே. 1992இல் ‘நியூ மிசரபிள் எக்ஸ்பீரியன்ஸ்’ தொகுப்பின் ஒலிப்பதிவையொட்டி, குடிநோயின் காரணமாக அவர் நீக்கப்பட்டார்.

நீக்கம் தவிர்க்க இயலாதது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து நிகழ்ந்ததற்குக் குடி காரணமன்று. அவருக்குச் சேரவேண்டிய ஏறத்தாழ 15,000 டாலர் நிறுத்திவைக்கப்பட்டது. அதைப் பெறுவதற்கு, பாடல் பதிப்புரிமை வருவாயில் பாதியையும், இசைத்தட்டு விற்பனையில் பாடலாசிரியருக்குரிய பங்கையும் அவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பணமுடையில் இருந்தவர் கையெழுத்திட்டார். பின்னர் அப்பாடல்கள் வானொலியெங்கும் ஒலித்தன. தொகுப்பு பல இலட்சம் பிரதிகள் விற்றது. 1993 டிசம்பரில், 32ஆம் வயதில், ஹாப்கின்ஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒப்பந்தமே அவரைக் கொன்றது என்று நான் வாதிடவில்லை. ஓர் உயிரின் முடிவுக்கு ஒற்றைக் காரணம் தேடுவது ஆய்வாகாது. என் வாதம் வேறு. ‘துயருற்ற மேதை’ என்னும் தொடர், நோயை மேதைமையின் இயல்பாகவும் சுரண்டலை விதியாகவும் மாற்றிவிடுகிறது. நோயுற்ற தொழிலாளியின் ஊதியத்தைப் பிடித்துவைத்து அவரது உரிமையை எழுதி வாங்குவது ஆலையில் நிகழ்ந்தால், அதனைச் சுரண்டல் என்கிறோம். கலையில் நிகழ்ந்தால் மட்டும் ஏன் துன்பியல் என்கிறோம்?