நிபுணர் யார்? பொதுமக்கள் யார்?

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்று ஒரு ஊர். பெரும்பான்மை தலித் குடும்பங்கள். ஆடு மாடு மேய்க்க, விறகு எடுக்க அந்த மக்கள் நம்பியிருந்த காட்டை அவர்களே காவல் காத்து வந்தார்கள். அரசுப் பதிவேட்டில் அதன் பெயர் மேய்க்கால் புறம்போக்கு. அங்கே 1,100 ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்குப் போனது. 2009 நவம்பரில் மிச்செலின் டயர் நிறுவனத்தோடு தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. கிராம சபை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. போராட்டம், கைது, வழக்கு எல்லாம் நடந்தன. 2012-இல் பிரான்ஸ் வரை முறையீடு போனது. இன்று அங்கே டயர் தொழிற்சாலை நிற்கிறது.

இப்படிப்பட்ட இடங்களில் நமக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “உணர்ச்சிவசப்படாதீங்க, விஷயம் தெரிஞ்சவங்க பார்த்துத்தான் முடிவு பண்றாங்க.” சட்டமும் அதற்கு இடம் தருகிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. ஊரே எதிர்த்துப் பேசினாலும் அது பதிவு செய்யப்படும், அவ்வளவுதான். பரிந்துரைப்பது நிபுணர் குழு.

சரி, நிபுணர் சொன்னால் அரசியல்வாதிகள் கேட்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2012-இலேயே தனது 242-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. வரைவு மசோதாவையும் எழுதிக் கொடுத்தது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை கொலைகள் நடந்தும் இருக்கிற சட்டமே போதும் என்றார்கள். 2025 அக்டோபரில்தான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தார்கள். நிபுணர்கள் எழுதிக் கொடுத்து 13 ஆண்டுகள் கழித்து, மறுபடியும் நிபுணர்களிடமே கேள்வி! இடைப்பட்ட காலத்தில் தடுத்தது எது? ஆதிக்க சாதி வாக்கு மீதான பயம். அந்தப் பயத்துக்கு வைத்த மரியாதையான பெயர்தான் ‘பொதுமக்கள் கருத்து’.

ஆக, இவர்கள் கையில் இரண்டு எடைக்கற்கள். சேரி வேண்டாம் என்றால் நிபுணர் கல். நிபுணர் சேரிக்கு ஆதரவாகச் சொன்னால் பொதுமக்கள் கல்.

‘ஓட்டுப் போட்டவர்கள் சொல்வதைக் கேட்பதுதானே ஜனநாயகம்’ என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேளுங்கள் தோழர்களே: தேர்வாய் கண்டிகை மக்களுக்கு ஓட்டு இல்லையா? கிராம சபைத் தீர்மானம் மக்கள் கருத்து இல்லையா? ஆணவக் கொலைக்குச் சட்டம் வேண்டாம் என்று எந்தத் தேர்தலில் மக்கள் வாக்களித்தார்கள்?

அதற்காக நிபுணர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் திருவள்ளூர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை ஆய்ந்து 1891-இல் அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892-இல் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த அறிக்கை இல்லாமல் இன்று நிலமீட்பு பேச முடியாது. ஆனால் அறிக்கை மட்டும் நிலத்தைக் காப்பாற்றவில்லை என்பதையும் நம் ஊர்களில் போய்ப் பாருங்கள்.

எனவே ‘நிபுணரா, மக்களா’ என்ற பட்டிமன்றத்தில் உட்காராதீர்கள். எந்த நிபுணர், எந்த மக்கள், யார் கையில் தராசு என்று கேளுங்கள். கிராம சபைத் தீர்மான நகலைக் கையில் வாங்கி வையுங்கள். கிடப்பில் கிடக்கும் அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். படித்த நாமே நம் ஊர்களின் நிபுணர்களாவோம்.

ஜெய் பீம்!