ஐட்லிங்கை ஏற்றாதீர்கள்

மழை கொஞ்சம் விடாமல் பெய்துவிட்டால் குமுளிக்காரனின் போன் சூடாகிவிடும். "அணையில எத்தனை அடி மாப்ளே?" என்று கம்பத்தில் இருந்து சொந்தக்காரர் கேட்பார். அவருக்கு 142 வர வேண்டும். "எத்ர அடியாயி?" என்று கோட்டயத்து நண்பர் கேட்பார். அவருக்கு 136-ஐத் தொட்டாலே தூக்கம் போய்விடும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்ன பிறகும் இந்தக் கேள்வி ஓயவில்லை. எனக்கு இரண்டு பேரும் வேண்டும் என்பதால், "இங்கே நல்ல மழை" என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

இந்த வாரம் முல்லைப் பெரியாறு பற்றித்தான் எழுதுவேன் என்று பத்திரிகை ஆசிரியரும் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஆனால் டிவியில் அணைச் செய்தி வரும்போதெல்லாம் ஒரே காட்சியைப் போட்டு என் மனநிலையைக் கெடுத்துவிட்டார்கள். தேக்கடிப் படகுத்துறை, குடையோடு அதிகாரிகள், புறப்படும் படகு. அவ்வளவுதான், உடனே ஸ்டூடியோவுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு வருவது. படகு துறையை விட்டு விலகும்போது அதை ஓட்டும் ஸ்ராங்கின் கை லீவரை எப்படித் தள்ளுகிறது? நடுவில் ஒரு நொடி நிறுத்துகிறாரா, ஒரேயடியாகச் சாத்துகிறாரா? இதைக் காட்ட ஒரு கேமராக்காரருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். நைஜல் கால்டர். கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில், ஏலக்காய் வாசத்துக்கு நடுவே, சொந்தமாக ஒரு பரிசல்கூட இல்லாதவன் பாய்மரப் படகுகளின் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் கோளாறுகளைப் பற்றிய தடித்த புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்திருப்பதை வீட்டில் இன்னும் மன்னிக்கவில்லை. 1990-இல் முதலில் வந்த புத்தகம். கால்டர் இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் வாழ்பவர். பேட்டரி, பம்ப், கழிப்பறை வால்வு என்று எதையும் விடாமல், கையில் கிரீஸ் ஒட்டிய தொனியில் எழுதுகிறவர். பாய்மரப் படகு என்றால் காற்று, அலை, அஸ்தமனம் என்று உருகுகிறவர்கள் இந்தப் புத்தகத்தைத் திறந்தால் பத்துப் பக்கத்தில் தெளிந்துவிடுவார்கள்.

கடற்படை அதிகாரிகளான புதுச்சேரி ரூபாவும் கோழிக்கோடு தில்னாவும் ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, பாயை நம்பி உலகத்தைச் சுற்றி, 2025 மே 29-இல் திரும்பி வந்தபோது எல்லோரும் பெருங்கடலை நினைத்துச் சிலிர்த்தார்கள். நானும்தான். ஆனால் நடுக்கடலில் பாய் போதும். துறைமுகத்துக்குள் நுழைந்து, பாயை இறக்கி, அக்கம்பக்கப் படகுகளை இடிக்காமல் கரை சேரும் அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் சாதாரணப் பாய்மரப் படகுக்கு என்ஜின் வேண்டும். படகுக்கு பிரேக் கிடையாது. ரிவர்ஸ்தான் பிரேக். அந்த ரிவர்ஸ், கண்ணுக்குத் தெரியாமல் தரைப்பலகைக்கு அடியில் ஓடும் ஒரு கேபிளை நம்பி இருக்கிறது.

கேபிள் என்றதும் பைக் கிளட்ச் கேபிளை நினைக்காதீர்கள். அது 1896-இல் எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் காப்புரிமை வாங்கிய ஜாதி. உறைக்குள் முறுக்குக் கம்பி, கையால் இழுக்கலாம், திருப்பிக் கொண்டுபோக எதிர்முனையில் ஸ்பிரிங் வேண்டும். படகின் கியர் கேபிள் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். இழுத்தால் முன்கியர், தள்ளினால் ரிவர்ஸ், அல்லது மாறி. தள்ள வேண்டும் என்பதால் உள்ளே விறைப்பான கம்பி. விறைப்பான கம்பியை இஷ்டத்துக்கு வளைக்க முடியாது. ஒடித்து மடக்கினால் உள்ளே உரசி, பாதி அசைவு வழியிலேயே செத்துவிடும்.

பெரும்பாலான படகுகளில் கியருக்கும் த்ராட்டிலுக்கும் ஒரே லீவர். நேராக நின்றால் நியூட்ரல். முன்னால் கொஞ்சம் தள்ளினால் கியர் விழும், மேலும் தள்ளினால்தான் என்ஜின் வேகம் பிடிக்கும். பின்னால் இழுத்தாலும் அதே வரிசை. என்ஜின் அலறும்போது கியர் மாற்றிவிடாதபடி லீவரே பார்த்துக்கொள்ளும் நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு கேபிளும் சரியான நீளத்தில் நின்றால்தான் அந்த ஏற்பாட்டுக்கு உயிர்.

நம் வண்டிப்பெரியார் மெக்கானிக் அண்ணனை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எஸ்டேட் ஜீப், தேயிலைத் தொழிற்சாலை ஜெனரேட்டர் என்று எதையும் விடாதவர். அவரை ஒரு நீர்த்தேக்கத்தில் (இடம் வேண்டாம், அவர்களோடு எனக்கு இன்னும் பழக்கம் இருக்கிறது) படகு பார்க்கக் கூப்பிட்டார்கள். ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் சாக்கில் நானும் ஒட்டிக்கொண்டேன். புகார்: ரிவர்ஸ் பிடிக்கவில்லை. என்ஜின் கத்துகிறது, படகு பாட்டுக்கு முன்னால் போகிறது.

அண்ணன் முதலில் என்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தார். முகம் சுருங்கிவிட்டது. "எவனோ ஐட்லிங்கை ஏத்தி வச்சிருக்கான் தம்பி."

இது எனக்கும் தீராத வயிற்றெரிச்சல். இந்தப் பத்தியில் எத்தனை தடவை புலம்பியிருப்பேன்! ஆட்டோ சிக்னலில் நின்றால் ஐட்லிங்கை ஏற்று. பல்சர் காலையில் இருமினால் ஐட்லிங்கை ஏற்று. ஜெனரேட்டர் திணறினால் அதையே செய். நாட்டில் பாதி மெக்கானிக்குகளுக்கு இந்த ஒரு ஸ்குரூதான் சர்வரோக நிவாரணி. கோளாறு எங்கே என்று தேடாமல், கோளாறு தெரியாதபடி சத்தத்தைக் கூட்டி வைப்பது. பைக்கில் பெட்ரோல் வீணாகும், அதோடு போகும். படகில் நியூட்ரலில் இருந்து கியர் விழும்போதே என்ஜின் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். 'டங்' என்று ஒரு அடி. ஒவ்வொரு 'டங்'கும் கியர்பாக்ஸின் ஆயுளில் ஒரு கழித்தல். வழுக்கிக்கொண்டிருந்த ரிவர்ஸோ அதே மாதிரி வழுக்கிக்கொண்டிருக்கும், இன்னும் வேகமாக.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த பிறகு இந்தப் பக்கத்து ஏரிகளில் லைஃப் ஜாக்கெட் கேட்கிறார்கள், தலை எண்ணுகிறார்கள். கேட்க வேண்டியதுதான். அந்த விபத்துக்கும் கேபிளுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் "ரிவர்ஸ் முழுசா விழுதா?" என்று ஒரு பயணி கேட்டு நான் பார்த்ததில்லை.

அண்ணன் என்ஜினை அணைத்துவிட்டு என்னை லீவரிடம் நிறுத்தினார். தான் குழிக்குள் இறங்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, "முன்னாடி... நடுவுல... பின்னாடி" என்று முனகினார். நான் லீவரைப் பின்னால் இழுத்தபோது அவர் சிரித்தார். எட்டிப் பார்த்தேன். உள்கம்பி நகர்வதற்குப் பதில் கறுப்பு உறையே ஒரு விரல்கட்டை பின்வாங்கியது. உறையைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப்பின் ஸ்குரூ தளர்ந்து, உறையின் பள்ளத்தில் உட்கார வேண்டிய தகடு மேலே ஏறி நின்றது. கை கொடுத்த அசைவில் பாதியை உறை தின்றுவிட்டது. ஹர்த் வகைச் சிறு கியர்பாக்ஸ்களில் லீவரின் வெளித் துளையில் கேபிள் மாட்டினால் நடுவில் இருந்து இருபக்கமும் குறைந்தது 35 மில்லிமீட்டர் அசைவு வேண்டும். கூடினால் பரவாயில்லை, குறைந்தால் உள்ளே கிளட்ச் வழுக்கிச் சூடேறித் தேய்ந்துபோகும்.

பிறகு அவர் செய்த வரிசையைப் பாருங்கள். கிளாம்ப்பை முடுக்கினார். இரண்டு கேபிளையும் என்ஜின் பக்கம் கழற்றிவிட்டார். மேலே லீவரை நியூட்ரலில் நிறுத்தச் சொன்னார். கீழே கியர்பாக்ஸின் லீவரைக் கையால் ஆட்டி, 'டக்' என்று அது தானாக உட்காரும் நடு இடத்தைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டார். கேபிள் முனையில் இருக்கும் மரையை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருகித் திருகி, அதை மாட்டும் 'பின்' எந்த இழுப்பும் தள்ளலும் இல்லாமல் துளைக்குள் தானாக விழும்வரை விடவில்லை. "ரெண்டு நியூட்ரலும் ஒண்ணா இருக்கணும். மேல நிக்கிறவன் நியூட்ரல்னு நெனச்சிட்டிருப்பான், கீழ அது பாதி கியர்ல நிக்கும்." முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால் சாக்பீஸ் கோட்டில் இருந்து இரண்டு பக்கமும் சமதூரம்.

அதற்குப் பிறகுதான் த்ராட்டில். ஐட்லிங் ஸ்குரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினார். லீவர் நியூட்ரலில் இருக்கும்போது என்ஜினின் த்ராட்டில் கை அந்த ஸ்குரூவில் சாய்ந்து நிற்க வேண்டும். கேபிள் அதைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. முழுதாகத் தள்ளினால் மறுமுனையைத் தொட வேண்டும். லாக்நட், ஸ்பிளிட் பின், முடிந்தது. நான் எண்ணெய்க் குப்பியை நீட்டினேன். "வேணாம். உள்ள பிளாஸ்டிக் லைனிங் இருக்கிற கேபிள். எண்ணெய் விட்டா தூசிதான் ஒட்டும்."

படகைத் துறையோடு வடம் போட்டுக் கட்டிவிட்டு ரிவர்ஸ் போட்டார். வடம் விண்ணென்று நின்றது. 'டங்' இல்லை.

அலுவலகத்தில் பில் எழுத உட்கார்ந்தார்கள். "ஏது பார்ட்டா மாற்றியது?" என்று கிளார்க் கேட்டார்.

"ஒண்ணும் மாத்தலை சேட்டா. அட்ஜஸ்ட் பண்ணேன்."

"பின்னே காசு எந்தினா?"

பாரத்தில் ஸ்பேர் பார்ட்டின் பெயர், எண்ணிக்கை, விலை என்று மூன்று கட்டம்தான் இருந்தது. மாற்றாமல் சரிசெய்ததற்குக் கட்டம் இல்லை. அரை மணி நேரம் வாதாடிப் பார்த்துவிட்டு, அண்ணன் 'கிளாம்ப் ஸ்குரூ - 1' என்று எழுதிக் கூலி முழுவதையும் அந்த ஒரு ஸ்குரூவின் விலையாகப் போட்டார். கிளார்க் மறுபேச்சு இல்லாமல் சீல் குத்தினார்.