4கே டிவியில் 576 வரிப் படம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காட்சி பொதுவாக இருக்கும். ஹாலில் 43 அங்குல டிவி, தவணையில் வாங்கியது. டிவியின் ஓரத்தில் '4கே அல்ட்ரா எச்டி' என்று ஒரு ஸ்டிக்கர். அதை மட்டும் யாரும் உரிக்க மாட்டார்கள். பின்னால் போய்ப் பார்த்தால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வயர் தொங்கும். அந்த மஞ்சள் வயரில் வருவது 4கேயும் இல்லை, எச்டியும் இல்லை. பழைய 576 வரிப் படம்தான்!

காசு போனது 4கேக்கு. பார்ப்பது தூர்தர்ஷன் காலத்துப் படம். இந்தக் கூத்து ஏன் நடக்கிறது, யார் பொறுப்பு என்பதுதான் இங்கே மேட்டர்.

முதலில் கொஞ்சம் கணக்கு. (கணக்கு என்றதும் ஓடிவிட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான்.)

சாதா ஒளிபரப்பு, அதாவது எஸ்டி: குறுக்கே 720 புள்ளி, மேலிருந்து கீழே 576 வரி. மொத்தம் 4,14,720 புள்ளிகள்.
எச்டியில் சின்னது: 1280 x 720. மொத்தம் 9,21,600.
முழு எச்டி: 1920 x 1080. மொத்தம் 20,73,600. எஸ்டியைப் போல் சரியாக 5 மடங்கு.
4கே: 3840 x 2160. மொத்தம் 82,94,400. எஸ்டியைப் போல் 20 மடங்கு.

எஸ்டி சேனலை 4கே டிவியில் போட்டால் என்ன ஆகும்? வந்திருப்பது ஒரு புள்ளி. மீதி 19 புள்ளிகளை டிவி தானே ஊகித்து நிரப்ப வேண்டும். ஒரு படி அரிசியை இருபது பந்திக்குப் பரிமாறினால் எப்படி இருக்குமோ, படமும் அப்படித்தான் இருக்கும். டிவி எவ்வளவு விலை என்றாலும், வராத புள்ளியை அதனால் கொண்டுவர முடியாது.

"எங்க வீட்டு இலவச கலர் டிவியில படம் பளிச்சுனு இருந்துச்சே, இதுல ஏன் கலங்கலா இருக்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. 2006 முதல் தமிழக அரசு கொடுத்தது 14 அங்குல டிவி. நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடியும். அந்தக் கணக்குப்படி 14 அங்குலத்தில் சுமார் 4 அடி தள்ளி உட்கார்ந்தாலே 576 வரிகள் தனித்தனியாகத் தெரியாது. அதே 576 வரியை 43 அங்குலத்துக்கு இழுத்தால், குறை தெரியாமலிருக்க 10 அடிக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும். நம்மூர் வீடுகளில் பத்தடிக்கு அந்தப் பக்கம் சுவர் வந்துவிடும், இல்லாவிட்டால் அடுப்படி வந்துவிடும்.

இதே கணக்கில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. கடைக்காரர் இதைச் சொல்லவே மாட்டார். 43 அங்குலத்தில் சுமார் ஐந்தரை அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால், முழு எச்டிக்கும் 4கேக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் எஸ்டிக்கும் எச்டிக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும். தெரியாத வித்தியாசத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, தெரியும் வித்தியாசத்தைக் கோட்டை விடுகிறோம்.

கீழ ராஜ வீதியானாலும் சரி, அறந்தாங்கியானாலும் சரி, டிவி கடையில் ஓடுவது எது? பென் டிரைவில் இருக்கும் டெமோ வீடியோ. கிளி, பவளப்பாறை, மழைத்துளி! வீட்டுக்குப் போனதும் ஓடப்போவது மெகா சீரியல். அந்த டிவியில் ஒரு எஸ்டி பெட்டியை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். வியாபாரம் பாதியாகிவிடும்.

கேபிள் பக்கமும் நியாயமாகப் பேச வேண்டும். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது ஏழை வீடுகளுக்குப் பெரிய உதவி. 2017 செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியதும் அப்படியே. ஆனால் அந்த இலவசப் பெட்டி எஸ்டி பெட்டி. அப்போது நாட்டில் எச்டி ஒன்றும் புதுசில்லை. டெல்லி காமன்வெல்த் போட்டிகளைத் தூர்தர்ஷன் 2010-லேயே எச்டியில் காட்டிவிட்டது. சன் டிவி எச்டி 2011-லேயே வந்துவிட்டது. டிவி விற்பவர்கள் பெரிய திரைக்கு ஓடிக்கொண்டிருந்தபோது பெட்டி மட்டும் சின்னத் திரையின் காலத்திலேயே நின்றுவிட்டது.

எச்டி பெட்டி இருந்தாலும் தொல்லை தீர்வதில்லை. பலர் வீட்டில் எச்டி பெட்டியையும் அந்த மூன்று வயரில்தான் மாட்டிவிட்டுப் போகிறார்கள். மஞ்சள் வயரில் எச்டி போகவே போகாது. எச்டிஎம்ஐ வயர் வேண்டும். இதை மாட்ட வருபவர் சொல்வதில்லை, வாங்கியவரும் கேட்பதில்லை.

எண்கள் மட்டும் போதாது என்பதற்கு ஜல்லிக்கட்டை விடச் சிறந்த உதாரணம் இல்லை. வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு நம் தச்சங்குறிச்சியில்தான் நடப்பது வழக்கம். நேரலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடிவாசலில் மாடு வெளியே வரும் அந்த நொடியில் படம் கட்டம் கட்டமாக உடையும். காரணம் இதுதான். டிஜிட்டல் ஒளிபரப்பில் முழுப் படத்தையும் ஒவ்வொரு முறையும் அனுப்புவதில்லை. முந்தைய படத்திலிருந்து என்ன மாறியதோ அதைத்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். செய்தி வாசிப்பவரிடம் வாயும் கண்ணும்தான் அசையும், சுலபம். ஜல்லிக்கட்டிலோ புழுதி, கூட்டம், காளை, வீரர் என்று திரை முழுக்க மாறும். அதற்கு அதிக பிட் ரேட் வேண்டும். அது இல்லாவிட்டால் 1080 வரி இருந்தும் புழுதி சோப்புக் கட்டியாகத்தான் தெரியும்.

அதோடு நம் எச்டி சேனல்கள் '1080 ஐ' வகை. ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் மறுமுறை என்று வினாடிக்கு 50 அரைப் படங்கள். அசையாத காட்சிக்கு இது அருமை. வேகமான காட்சிக்கு ஒவ்வொரு தடவையும் முழுப் படம் அனுப்பும் '720 பி' தேவலாம் என்றுதான் அமெரிக்காவில் விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன் அதைத் தேர்ந்தெடுத்தது. ஆக, பெரிய எண் எப்போதும் நல்ல படம் அல்ல.

"எச்டிக்கு அதிக இடம் பிடிக்கும், ஆபரேட்டர் என்ன செய்வார்?" என்பது எதிர்வாதம். உண்மைதான், ஒரு எச்டி சேனலுக்கு எஸ்டியைப் போல் மூன்று நான்கு மடங்கு இடம் வேண்டும். ஆனால் அந்தக் கேபிளில் யாருமே பார்க்காத எத்தனை சேனல்கள் ஓடுகின்றன? நானூறு சேனல் என்ற பெருமைக்காக எல்லாவற்றையும் நசுக்கி அனுப்புவதைவிட, ஜனம் பார்க்கும் ஐம்பதை ஒழுங்காக அனுப்பலாமே!

"கிராமத்துக்கு எஸ்டி போதும்" என்பது இன்னொரு வாதம். இது வாதமே இல்லை, திமிர். கிராமத்துக்கு 4கே டிவி விற்கும்போது இந்தப் 'போதும்' எங்கே போனது? 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பெரிய டிவி வாங்கச் சலுகை உண்டு. அதில் என்ன படம் வரும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

டிவி எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று நட்சத்திர லேபிள் ஒட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். அதேபோல் செட்டாப் பாக்ஸின் மேல் 'இது 576 வரிப் பெட்டி' என்று தமிழில் பெரிதாக எழுத என்ன தடை? எந்தச் சேனல் எந்த பிட் ரேட்டில் வருகிறது என்று மாதம் ஒருமுறை வெளியிட என்ன கஷ்டம்? ஒரே சீரியலின் எஸ்டிக்கு ஒரு விலை, எச்டிக்கு ஒரு விலை என்று வாங்கும்போது, கொடுப்பதை அளந்து காட்டத்தானே வேண்டும்? பெட்ரோல் பங்கில் கேட்டால் லிட்டர் கணக்கில் அளந்து காட்டுகிறார்கள். படத்துக்கு மட்டும் ஏன் கண்மதிப்பு?

அதுவரை டிவி வாங்கப் போகிறவர்கள் மூன்றே கேள்வி கேட்கட்டும். வீட்டுப் பெட்டி எச்டியா? வயர் எச்டிஎம்ஐயா? கட்டும் பேக்கில் எச்டி சேனல் இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், 4கே ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் காசைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். முதலில் பெட்டியையும் வயரையும் மாற்றுங்கள். டிவியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.