ஒரு கையெழுத்தில் அடைபடும் கதவு: அமெரிக்காவின் மூன்று துறைகளும் பயணத் தடையும்

2025 ஜூன் 4 அன்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். ஆப்கானிஸ்தான், ஈரான், ஏமன், சூடான், சோமாலியா, லிபியா உள்ளிட்ட 12 நாடுகளின் குடிமக்கள் அமெரிக்காவுக்குள் நுழைய, சில விதிவிலக்குகளுடன் தடை விதிக்கப்பட்டது. ஐந்தே நாட்களில் அது நடைமுறைக்கும் வந்தது.

அதிகாரப் பகிர்வைப் பற்றி உலகத்துக்கே பாடம் நடத்தும் நாடு அது. அங்கே ஒரு தனிமனிதரின் கையெழுத்து இத்தனை குடும்பங்களைப் பிரித்துவைக்க முடிவது எப்படி?

1787-ல் அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதியவர்கள், பிரிட்டிஷ் மன்னராட்சியை எதிர்த்துப் போராடி வென்றவர்கள். எனவே அதிகாரத்தை ஒரே கையில் கொடுக்க அஞ்சினார்கள். சாசனத்தின் முதல் பிரிவு, சட்டம் இயற்றும் அதிகாரத்தை காங்கிரஸுக்கு, அதாவது பிரதிநிதிகள் சபைக்கும் செனட்டுக்கும் கொடுத்தது. இரண்டாம் பிரிவு நிர்வாகத்தை அதிபரிடமும், மூன்றாம் பிரிவு நீதி வழங்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களிடமும் ஒப்படைத்தது. ஒன்று வரம்பு மீறினால் மற்றது தடுக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

நீதிமன்றம் தடுத்தது, பின்பு அனுமதித்தது

இந்த ஏற்பாட்டுக்கு 2017-ல் பெரும் சோதனை வந்தது. முஸ்லிம்கள் நாட்டுக்குள் நுழைவதை முழுமையாகத் தடுக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் பிரச்சாரம் செய்த டிரம்ப், பதவியேற்ற ஒரே வாரத்தில், ஜனவரி 27 அன்று, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்களுக்குத் தடை விதித்தார். பயணிகள் விமான நிலையங்களிலேயே தடுத்து வைக்கப்பட்டனர். வழக்கறிஞர்கள் அங்கேயே தரையில் அமர்ந்து மனுக்களைத் தயாரித்தனர். சியாட்டில் நகரின் ஃபெடரல் நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட் ஒரே வாரத்தில் நாடு முழுவதும் தடையை நிறுத்திவைத்தார். அவர் டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர்.

ஆனால் அரசு ஆணையைத் திருத்தித் திருத்தி வெளியிட்டது. மூன்றாவது வடிவத்தில் வட கொரியாவும் வெனிசுவேலாவும் சேர்க்கப்பட்டன. ஹவாய் மாநில அரசு தொடுத்த வழக்கில், 2018 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தடை செல்லும் என்றது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முகாம்களுக்கு அனுப்பியதை ஆதரித்த 1944-ம் ஆண்டுத் தீர்ப்புடன் இதை ஒப்பிட்டு, நீதிபதி சோனியா சோட்டோமேயர் கடுமையான மாறுபட்ட தீர்ப்பை எழுதினார்.

சாவி யார் கையில்?

உச்ச நீதிமன்றம் முக்கியமாகச் சுட்டிக்காட்டியது 1952-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தை. நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால் எந்தப் பிரிவினரையும் தடுக்கலாம் என்கிறது அதன் ஒரு பிரிவு. இந்தச் சட்டம் பாரபட்சமானது என்று கூறி அன்றைய அதிபர் ட்ரூமன் அதை நிராகரித்தார். காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் அதிபரையும் மீறி அதை நிறைவேற்றியது. அதாவது, இன்று அதிபர் பயன்படுத்தும் ஆயுதம் காங்கிரஸ் தானே செய்து கொடுத்தது.

அதைத் திரும்பப் பெறவும் காங்கிரஸால் முடியும். 2021 ஜனவரி 20 அன்று பதவியேற்ற ஜோ பைடன் அன்றே தடையை நீக்கினார். அதே ஏப்ரலில், மத அடிப்படையிலான தடைகளுக்கு முடிவுகட்டும் மசோதாவை பிரதிநிதிகள் சபை 218-க்கு 208 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. செனட்டில் அது நிறைவேறவில்லை. சட்டம் மாறாததால், ஒருவர் கையெழுத்தில் போன தடை இன்னொருவர் கையெழுத்தில் திரும்பி வந்துவிட்டது.

நம்மில் பலர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்க அதிபர் தேர்தலை மட்டுமே கவனிக்கிறோம். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டின் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. அமெரிக்க முஸ்லிம்கள் அங்கேதான் அதிகக் கவனம் செலுத்த வேண்டும்.

அதிகாரம் ஓர் அமானிதம். மூன்று துறைகளிடம் பிரித்துக் கொடுத்துவிட்டால் மட்டும் அது பாதுகாக்கப்படாது. ஒரு துறை தன் பொறுப்பை நிறைவேற்றாமல் மௌனம் காத்தால், அந்த இடத்தை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். அதன் விலையைக் கொடுப்பவர்களோ, அந்த நாட்டில் ஓட்டுரிமையே இல்லாத, விசாவுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களும் பிள்ளைகளும்தான்.