நீங்கள் கேட்டவை: 0.42 என்றால் தண்ணீர் மாதிரியா?

கேள்வி: "எங்களுக்குப் பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு இருக்கிறது. கொட்டை உடைத்தபின் மிஞ்சும் ஓட்டை ஆலையில் கொடுத்து எண்ணெயாக எடுத்து விற்கிறோம். வாங்க வந்த வியாபாரி, 'பாகுநிலை 550-க்கு மேல் போகக்கூடாது' என்றார். எங்கள் ஆய்வகச் சீட்டில் 30 டிகிரி வெப்பத்தில் 0.42 என்று இருக்கிறது. 'இவ்வளவு குறைச்சலா? டீசல் கலந்த சரக்கு' என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிறார். அதே எண்ணெயை வேறு இடத்தில் சோதித்தால் 4.2 என்று எழுதித் தருகிறார்கள். எது சரி?"

- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்.

பதில்: மூன்று எண்ணுமே சரிதான் சகோதரி. அவசரப்பட்டுப் பாதி விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தேன் மெதுவாக வழிகிறது, தண்ணீர் சட்டென்று ஓடிவிடுகிறது. இப்படி ஓட விடாமல் பிடித்து நிறுத்தும் தன்மைக்குத்தான் பாகுநிலை என்று பெயர். நிலத்தை ஒருவர் சென்ட்டில் சொல்வார், இன்னொருவர் ஏக்கரில் சொல்வார். நிலம் ஒன்றுதான். அதுபோலப் பாகுநிலையையும் பல அளவுகளில் எழுதுகிறார்கள்.

பழைய அளவு 'பாய்ஸ்'. மெல்லிய குழாய்களில் திரவம் ஓடுவதை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் என்பவரின் பெயரில் வந்தது. அதில் நூறில் ஒரு பங்கு 'சென்டிபாய்ஸ்'. இன்றைய அனைத்துலக அளவு 'பாஸ்கல் விநாடி'. இந்தக் கணக்கை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்:

1 பாஸ்கல் விநாடி = 10 பாய்ஸ் = 1,000 சென்டிபாய்ஸ்
1 பாய்ஸ் = 100 சென்டிபாய்ஸ்
1 மில்லிபாஸ்கல் விநாடி = 1 சென்டிபாய்ஸ்

முதல் சீட்டில் இருப்பது 0.42 பாஸ்கல் விநாடி. ஆயிரத்தால் பெருக்கினால் 420 சென்டிபாய்ஸ். இரண்டாவது சீட்டில் இருப்பது 4.2 பாய்ஸ். நூறால் பெருக்கினால் அதே 420. வியாபாரி சொன்ன 550 என்பது சென்டிபாய்ஸ். முந்திரி ஓட்டு எண்ணெய்க்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 840, 30 டிகிரி செல்சியஸில் 550 சென்டிபாய்ஸுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. உங்கள் எண்ணெய் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. 20 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிபாய்ஸ். உங்கள் எண்ணெய் அதைவிட 400 மடங்குக்கும் மேல் கெட்டி. தண்ணீர் மாதிரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, வெப்பநிலை. எண்ணெய் சூடானால் இளகும், குளிர்ந்தால் கெட்டியாகும். 25 டிகிரியில் 610 காட்டும் எண்ணெய், 30 டிகிரியில் 550-க்குள் வந்துவிடக்கூடும். எந்த வெப்பத்தில் சோதித்தார்கள் என்று எழுதாத சீட்டை வைத்து விலை பேசக்கூடாது.

இரண்டு, 'சென்டிஸ்டோக்' என்று இன்னொரு அளவு உண்டு. அது பாகுநிலையை அடர்த்தியால் வகுத்து வருவது. உங்கள் எண்ணெயின் அடர்த்தி 0.96 என்றால், 420 சென்டிபாய்ஸை 0.96-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 438 சென்டிஸ்டோக் வரும். இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும்.

வியாபாரியின் சந்தேகத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். டீசல் கலந்தால் எண்ணெய் இளகும் என்பது உண்மை. அதிக நேரம் காய்ச்சினால் கெட்டிப்படும் என்பதும் உண்மை. கெட்டிப்பட்ட எண்ணெயில் டீசல் ஊற்றினால் பாகுநிலை மட்டும் சரியாகத் தெரியும். அதனால் இந்த ஓர் எண்ணை வைத்துச் சுத்தத்தைச் சொல்லிவிட முடியாது.

அடர்த்தியையும் சேர்த்துப் பார்த்தால் கலப்படம் பிடிபடும். அதே தரத்தின்படி 30 டிகிரியில் ஒப்படர்த்தி 0.950 முதல் 0.970 வரை இருக்க வேண்டும். அதாவது ஒரு லிட்டர் சுமார் 950 முதல் 970 கிராம் எடை நிற்கும். டீசல் லிட்டருக்குச் சுமார் 830 கிராம்தான். ஐந்தில் ஒரு பங்கு டீசல் கலந்தால் எடை 935 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். சரியான லிட்டர் அளவையும் நல்ல மின்னணுத் தராசும் இருந்தால் வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். இந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அடுத்த முறை மாதிரி கொடுக்கும்போது, "30 டிகிரியில் பாகுநிலையைச் சென்டிபாய்ஸில் எழுதுங்கள், ஒப்படர்த்தி, ஈரப்பதம், அயோடின் எண் மூன்றையும் சேர்த்துத் தாருங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். வியாபாரியிடம் விலை பேசும் முன், "நீங்கள் சொல்வது எந்த அளவில், எத்தனை டிகிரியில்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாதவரிடம் சரக்கைக் கொடுக்க வேண்டியதில்லை.